மேல்நிலைப் பள்ளி மகளிரும் அறிவியற் கல்வியும்

(இளம் அறிவியல் – இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

ஒரு பெண் பத்தாம் வகுப்பில் தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். அடுத்து எந்தப் பிரிவில் சேர்வது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்பவர் பெரும்பாலும் அவள் அல்லள். தந்தை சொல்வார், அண்ணன் சொல்வான், அடுத்த வீட்டுப் பெரியவர் சொல்வார், சில ஊர்களில் யாரும் சொல்ல வேண்டியதே இல்லை, பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதுவே விடையாகிவிடும். பதினைந்து வயதில், ஒரு கோடை விடுமுறையின் ஒருசில நாட்களில் எடுக்கப்படும் அம்முடிவு அவளுடைய எஞ்சிய வாழ்நாளின் போக்கையே வகுத்துவிடுகிறது.

கல்லூரிக்கு வந்துவிட்ட நாம் இதனைப் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. நம் கல்லூரியின் அறிவியல் வகுப்புகளில் மாணவியர் நிறைந்திருப்பதைக் கண்டு, சிக்கல் தீர்ந்துவிட்டது என்றே கருதுகிறோம். ஆனால் கல்லூரி வாயிலை எட்டியவர்களை மட்டுமே நாம் காண்கிறோம். பள்ளி வாயிலிலேயே வேறு பக்கம் திருப்பப்பட்டவர்களை நாம் காண்பதில்லை. பெண்கள் மேல்நிலை வகுப்புகளில் அறிவியல் பயிலுவதற்கு உள்ள தடைகள் எவை, அவற்றை நீக்கப் பிறர் செய்த முயற்சிகளிலிருந்து நாம் கற்பது என்ன, நம்மால் ஆகக்கூடியது எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்ணுக்கு அறிவியல் எதற்கு?

இக்கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. அறிவியல் கற்ற பெண் உணவின் சத்தை அறிவாள், குழந்தையை நோயின்றி வளர்ப்பாள், வீட்டைத் தூய்மையாக வைப்பாள் என்பர். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவ்விடை பாதி விடைதான். ஆணுக்கு அறிவியல் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வீட்டைத் தூய்மையாக வைப்பதற்கு என்று யாரும் விடை சொல்வதில்லை. அறியும் ஆவல் மனித இனத்துக்குப் பொதுவானது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து விடை மாறுவதில்லை.

இரண்டாவது விடை வாழ்க்கைத் தொழிலைப் பற்றியது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கணிப்பொறி, ஆய்வுப் பணி ஆகிய பல துறைகளின் கதவுகள் மேல்நிலையில் அறிவியலும் கணக்கும் படித்தவர்களுக்கே திறக்கின்றன. கலைப் பிரிவு படித்தவர் பின்னர் மனம் மாறி இயற்பியலுக்கு வருதல் அரிது. அறிவியல் படித்தவர் பொருளாதாரத்துக்கோ தமிழுக்கோ சட்டத்துக்கோ செல்லத் தடையில்லை. ஒரு வழி இருபுறமும் திறந்தது; மற்றொன்று ஒருபுறம் மூடியது. ஆதலால், விருப்பமும் தகுதியும் உள்ள பெண்ணை அறிவியலிலிருந்து விலக்குதல் என்பது ஒரு பாடத்திலிருந்து மட்டும் விலக்குவது அன்று.

மூன்றாவது விடையை நம் அரசியலமைப்பே தருகிறது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள், அறிவியல் மனப்பான்மையை வளர்த்துக்கொள்ளுதல் ஒன்றாகும். இக்கடமை குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உரியது. ஆண்களுக்கு மட்டும் என்று அங்கே எழுதப்படவில்லை.

கடந்து வந்த பாதை

நம் மாநிலத்துப் பெண்கள் அறிவியலுக்குள் நுழைந்த வரலாறு நெடியது. 1875-ஆம் ஆண்டில் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் பயில்வது பெரும் போராட்டமாக இருந்த காலம் அது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பெண்களுக்கென உயர்நிலைப் பள்ளி இல்லாத நிலையில் வீட்டிலிருந்தே பயின்று தேறினார். பின்னர் ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் இசைவோடு சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912-இல் பட்டம் பெற்றார். அவர் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 முதல் எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. புதுக்கோட்டையில் அன்று அந்த ஒரு கதவு திறக்காதிருந்தால் இந்நிலையமும் தோன்றியிராது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

1914-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கல்லூரி பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1915-இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி தோன்றியது. தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூடக் கலந்து ஆய்வு செய்தவர் அவர். டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம்களைப் பற்றி 1945-இல் அவர் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது.

கதவு திறந்ததும் எல்லாம் எளிதாகிவிடவில்லை. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரியான கமலா சொகோனி, பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தபோது, அதன் இயக்குநராக இருந்த சர். சி. வி. இராமன் பெண் என்ற காரணத்தால் மறுத்துவிட்டார். கமலா நேரில் சென்று வாதாடினார். ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அவரோ பின்னர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமே பெற்றார்.

அன்னா மணியின் வாழ்க்கையும் நோக்கத்தக்கது. 1918-இல் பீர்மேட்டில் பிறந்த அவர், எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத் தோடு தருவதாகப் பெற்றோர் சொன்னபோது, அதற்குப் பதில் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கினார் என்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்தார். ஆய்வேட்டை 1945-இல் அளித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, நம் நாட்டிலேயே வானிலைக் கருவிகளைச் செய்யும் பணியை வளர்த்தெடுத்தார். தோடு வேண்டாம், நூல் வேண்டும் என்று சொல்லும் பெண் இன்றும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறாள். அவளுக்கு நூலை வாங்கித் தரும் பெற்றோர் எத்தனை பேர் என்பதே வினா.

பாடத்திட்டம் கண்ட மாற்றம்

பெண்ணுக்கு எந்தப் பாடம் ஏற்றது என்ற வாதம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1952–53-இல் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பெண்கள் பள்ளிகள் அனைத்திலும் கலப்புப் பள்ளிகளிலும் மனையியல் பயில வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. மனையியல் பயனுள்ள பாடமே. ஆனால் அது பெண்ணுக்குரிய பாடம் என்றாகிவிட்டபோது, இயற்பியலும் கணக்கும் ஆணுக்குரிய பாடங்கள் என்ற எண்ணமும் கூடவே வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணத்தை எதிர்த்து எழுந்ததே அம்சா மேத்தா தலைமையில் அமைந்த குழு. 1962-இல் அறிக்கை தந்த அக்குழு, பாலின அடிப்படையில் பாடங்களைப் பிரித்தல் ஆகாது என்று தெளிவாகக் கூறியது. அடுத்து வந்த கோத்தாரி கல்விக் குழு (1964–66) பள்ளிப் படிப்பின் முதல் பத்தாண்டுகளில் அறிவியலும் கணக்கும் மாணவர் அனைவருக்கும் கட்டாயப் பாடங்களாக வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் பொதுப் பாடம், அதற்குப் பின் பிரிவுகள் என்ற அமைப்பு நிலைபெற்றது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. பத்தாம் வகுப்பு வரை எந்தப் பெண்ணும் அறிவியலின்றிப் படிக்க முடியாது. ஆயினும் பிரிவினை மறைந்துவிடவில்லை. பதினோராம் வகுப்பின் வாசலுக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவே. முன்னர்ப் பாடத்திட்டம் செய்ததை இப்போது ஊரும் வீடும் பள்ளியின் வசதியும் செய்கின்றன.

தடைகள் எவை?

முதல் தடை மனத்தில் பதிந்த உருவம். டேவிட் சேம்பர்ஸ் என்ற அறிஞர் 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிவியல் அறிஞர் ஒருவரின் படத்தை வரையுமாறு 4807 குழந்தைகளிடம் கேட்கப்பட்டது. அவர்களுள் பெண்ணை அறிஞராக வரைந்தவர் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமியர். சிறுவர் ஒருவர்கூட அவ்வாறு வரையவில்லை. இது நம் நாட்டில் நடந்த ஆய்வு அன்று. எனினும் நம் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தால், நியூட்டன், பாரடே, ஐன்ஸ்டைன், இராமன் என வரும் பெயர்களுக்கிடையே மேரி கியூரியின் பெயர் ஒன்றே பெண் பெயராக நம் நினைவில் நிற்கிறது. ஒரே ஒரு பெயரைக் காணும் சிறுமி, அவரை ஒரு விதிவிலக்காகவே எண்ணிக்கொள்வாள். கியூரி அம்மையாரைப் போல் ஆக முடியாது, ஆதலால் நமக்கு இது வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவாள்.

இரண்டாவது தடை தொலைவு. சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி இருக்கும். மேல்நிலைப் பள்ளி நான்கைந்து கல் தொலைவில் இருக்கும். அறிவியல் பிரிவு அதற்கும் அப்பாலுள்ள பேரூரில் இருக்கும். பையன் பேருந்தில் தொங்கிக்கொண்டாவது போய்விடுவான். பெண்ணை அனுப்ப வீட்டார் தயங்குவர். அருகிலுள்ள பள்ளியில் இருக்கும் பிரிவே போதும் என்று முடிவாகிவிடும். அறிவியல் பிரிவு என்றால் செய்முறை வகுப்பு, சிறப்பு வகுப்பு என்று வீடு திரும்ப மாலை ஆகிவிடும் என்பதும் அத்தயக்கத்தைக் கூட்டும்.

மூன்றாவது தடை வீட்டு வேலை. மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்குத் தண்ணீர் எடுப்பது, பாத்திரம் துலக்குவது, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது ஆகியவை காத்திருக்கும். அண்ணன் அந்த நேரத்தில் தனிப்பயிற்சிக்குச் செல்வான். கணக்கும் இயற்பியலும் ஒருமுறை கேட்டு மனத்தில் பதியும் பாடங்கள் அல்ல; உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டியவை. படிக்க நேரமில்லாத பெண் மதிப்பெண் குறைந்தால், அவளுக்கு அறிவியல் வராது என்று முடிவு கட்டப்படுகிறது. அவளிடம் குறைந்தது நேரமே அன்றி அறிவு அன்று.

நான்காவது தடை ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. கலப்புப் பள்ளிகளின் செய்முறை வகுப்பைக் கூர்ந்து நோக்கியோர் இதனை அறிவர். கால்வனோமீட்டரை இணைப்பவன் மாணவன். அவன் சொல்லும் அளவைக் குறிப்பேட்டில் எழுதுபவள் மாணவி. எழுத்து அழகாக இருக்கும் என்று ஆசிரியரே அப்படிப் பிரித்துவிடுவதும் உண்டு. கருவிகள் குறைவாக உள்ள பள்ளியில் நான்கைந்து பேருக்கு ஒரு கருவி என்றால், கை முந்துபவருக்கே கருவி கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு எழுதிக்கொண்டே இருந்த பெண், கல்லூரிக்கு வந்து திருகு அளவியைக் கையில் எடுக்கும்போது அவள் விரல்கள் தயங்குவதில் வியப்பென்ன?

ஐந்தாவது தடை செலவைப் பற்றிய கணக்கு. அறிவியல் படிக்க வைத்தால் மேற்படிப்புச் செலவு. மேற்படிப்பு முடித்தால் அதற்கேற்ற மாப்பிள்ளை தேட வேண்டும். அதற்கு மேலும் செலவு என்று பெற்றோர் எண்ணுகின்றனர். இக்கணக்கை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வரதட்சணை என்னும் கொடுமை நிலவும் வரை, அப்படிக் கணக்கிடும் தந்தையைக் குறை கூறுவதால் மட்டும் பயன் விளையாது. பெண் தன் காலில் நிற்கும் வருவாயைப் பெறும்போதே இக்கணக்கு மாறும்.

திறன் குறைவா?

பெண்களுக்குக் கணக்கு வராது என்போர் இன்றும் உளர். அவர்களுக்கு விடையாக ஈரான் நாட்டு மரியம் மிர்சாகானியின் பள்ளி வாழ்க்கையைக் கூறலாம். நடுநிலை வகுப்பின் முதல் ஆண்டில் அவர் கணக்கில் சிறந்து விளங்கவில்லை. அவருக்குத் தனித்திறன் இல்லை என்றே ஆசிரியர் கருதினார். அதனால் அவருக்கும் கணக்கில் ஆர்வம் போயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கமூட்டினார், நிலைமை மாறியது. உயர்நிலை வகுப்பில் படிக்கும்போது, மரியமும் அவர் தோழியும் கணித ஒலிம்பியாட் வினாத்தாள் ஒன்றைக் கண்டனர். ஆண்கள் பள்ளியில் நடப்பதைப் போன்ற சிறப்புக் கணித வகுப்பு தங்களுக்கும் வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டனர். ஈரானின் ஒலிம்பியாட் குழுவில் அதுவரை பெண் எவரும் இடம்பெற்றதில்லை. தலைமையாசிரியை அதைப் பொருட்படுத்தாமல் வகுப்புக்கு ஏற்பாடு செய்தார். 1994-இல் அனைத்துலகக் கணித ஒலிம்பியாடில் மரியம் தங்கப் பதக்கம் பெற்றார். 1995-இல் முழு மதிப்பெண்ணுடன் மீண்டும் தங்கம் பெற்றார். 2014-இல் கணிதத் துறையின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 2017-இல் இளவயதிலேயே அவர் மறைந்தது உலகுக்கு இழப்பு.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியவர் மரியம் மட்டும் அல்லர். ஒரே பெண்ணிடம் ஓர் ஆசிரியர் திறனைக் காணவில்லை, அடுத்தவர் கண்டார். ஒரு தலைமையாசிரியை, 'இதுவரை யாரும் செய்ததில்லை' என்பதை மறுப்பதற்குக் காரணமாகக் கொள்ளவில்லை. அவ்விருவரும் இல்லாதிருந்தால் பதக்கமும் இல்லை.

நம் ஊர்களிலிருந்தும் சான்று காட்டலாம். அரியலூரில் பிறந்து வளர்ந்த ந. வளர்மதி, 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்–1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக விளங்கினார். 2019-இல் சென்ற சந்திரயான்–2 திட்டத்தின் இயக்குநர் முத்தையா வனிதா. 2023-இல் கதிரவனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்–1 திட்டத்தின் இயக்குநர் நிகர் சாஜி. செங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். இவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நம்மைப் போன்றே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள்.

பிறர் முயற்சி தரும் பாடம்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரப் பள்ளிகளில் 1979 முதல் 1983 வரை ஒரு முயற்சி நடந்தது. பெண்களை அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஈர்ப்பதே அதன் நோக்கம். அத்துறைகளில் பணிபுரியும் பெண்கள் பள்ளிகளுக்கு வந்து மாணவியருடன் பேசினர்; ஆசிரியர்களுக்கும் விளக்கம் தரப்பட்டது. முடிவில் மாணவ மாணவியரின் மனப்பான்மையில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், இயற்பியலைத் தேர்ந்த பெண்களின் எண்ணிக்கை பெரிதும் உயரவில்லை. இது நமக்கு ஓர் எச்சரிக்கை. சொற்பொழிவும் விழாவும் விருப்பத்தை எழுப்பலாம். விருப்பம் மட்டும் தேர்வாக மாறிவிடாது.

அந்நாட்டு இயற்பியற் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை மேலும் ஒன்றை உணர்த்துகிறது. 2011-ஆம் ஆண்டில், அரசு நிதி பெறும் கலப்புப் பள்ளிகளுள் ஏறத்தாழப் பாதியிலிருந்து ஒரு மாணவிகூட மேல்நிலை இயற்பியலுக்குச் செல்லவில்லை. மகளிர் பள்ளியில் படித்த பெண்கள் இயற்பியலைத் தேர்வதற்கான வாய்ப்போ கலப்புப் பள்ளியில் படித்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதி. மகளிர் பள்ளியில், கருவியைத் தொடுபவரும் பெண், அளவை எழுதுபவரும் பெண், வகுப்பில் முதல்வரும் பெண். இயற்பியல் ஆணின் பாடம் என்று எண்ண அங்கே வாய்ப்பு குறைவு.

இக்கருத்து நமக்குப் பெரிதும் பொருந்தும். தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலெல்லாம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. இது நம் பெரும் செல்வம். ஆனால் மகளிர் பள்ளி இருந்தால் மட்டும் போதாது. அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர் இருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் இருக்க வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் மகளிர் பள்ளி, அறிவியலைப் பொறுத்தவரை மூடிய பள்ளியே ஆகும்.

நம் நாட்டு முயற்சிகளும் சில பயன் தந்துள்ளன. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு மேல்நிலை மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. மேலே கூறிய தொலைவு என்னும் தடைக்கு இதைவிட எளிய மருந்து வேறில்லை. 2018 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதற்கு முன் சேர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே பெண்கள் இருந்தனர்; 2020-இல் ஐந்தில் ஒருவர் என்ற நிலை வந்தது. இரண்டே ஆண்டுகளில் பெண்களின் அறிவு இருமடங்கு ஆகிவிடவில்லை. அறிவு முன்னரே இருந்தது, இடம்தான் இல்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியருக்குத் திங்கள்தோறும் ரூ. 1000 வழங்க வகை செய்தது. திருமண உதவித் திட்டம் ஒன்றே கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டதால் பிறந்தது இது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இவற்றின் பயனாக நாடு முழுவதும் கல்லூரி அறிவியல் வகுப்புகளில் இன்று பெண்கள் பாதிக்கும் மேல் உள்ளனர். ஆனால் உலகளவில் ஆய்வாளர்களுள் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. இயற்பியலுக்கான நோபல் பரிசை 1901 முதல் 2025 வரை பெற்ற பெண்கள் ஐவர் மட்டுமே. பட்ட வகுப்பு வரை வந்தவர்கள் அதற்குப் பின் எங்கே போகிறார்கள்? இவ்வினாவுக்குத் தனிக்கட்டுரையே வேண்டும். எனினும், பள்ளியில் கருவியைத் தொடாமலும், வேறு பிரிவு இல்லாததால் வந்தும், திருமணம் வரை படிக்கட்டும் என்ற எண்ணத்தோடு அனுப்பப்பட்டும் வருபவர்கள் ஆய்வு வரை நடப்பது கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டுவன

பள்ளி ஆசிரியப் பெருமக்கள் செய்யக்கூடியவை பல. செய்முறை வகுப்பில் மாணவியருக்கெனத் தனிக்குழுக்கள் அமைக்கலாம். அல்லது ஒவ்வொருவரும் முறை வைத்துக் கருவியைக் கையாள வேண்டும் என்று விதிக்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை. வகுப்பில் கடினமான வினாவை ஒரு பெண்ணை எழுப்பிக் கேட்டு, அவள் விடை சொல்லும் வரை பொறுத்திருக்கலாம். 'உனக்கு இது வராது' என்ற சொல்லை மட்டும் எப்போதும் சொல்லாதிருக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னரே பெற்றோரை அழைத்து, எந்தப் பிரிவு எதற்கு வழி செய்யும் என்று விளக்கலாம். தேர்வு முடிவு வந்தபின் விளக்குவது காலங்கடந்த செயல்.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மகனுக்குத் தரும் நேரத்தை மகளுக்கும் தருதல். மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்கென்று விடப்பட்டால் போதும். அந்நேரத்தில் தண்ணீர்க் குடத்தை அண்ணன் எடுத்தால் அவன் படிப்பு கெட்டுவிடாது.

அரசு செய்ய வேண்டியது, ஒவ்வொரு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலும் அறிவியற் பிரிவும், நிரப்பப்பட்ட ஆசிரியர் பணியிடங்களும், இயங்கும் ஆய்வுக்கூடமும் உறுதி செய்தல். பூட்டிய அலமாரியில் இருக்கும் கருவி, இல்லாத கருவிக்குச் சமம்.

இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்கு முகாம் செல்கிறோம். சாலை சீரமைக்கிறோம், மரம் நடுகிறோம், அவை நற்பணிகளே. அவற்றோடு, அவ்வூர்ப் பள்ளியின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியருக்கு ஒருநாள் செய்முறை நடத்தினால் என்ன? கண்ணாடி வில்லை, பட்டகம், காந்தம், நிறங்காட்டிகள், ஒரு நுண்ணோக்கி இருந்தால் போதும். விதி ஒன்றே: நாம் செய்து காட்டக்கூடாது, அவர்கள் கையால் செய்ய வேண்டும். இப்பணிக்கு நம் துறை மாணவியரே முன்னின்றால், அறிவியல் படிக்கும் அக்கா ஒருத்தியை அச்சிறுமியர் நேரில் காண்பர். கியூரி அம்மையாரைப் போல் ஆவது அரிதாகத் தோன்றலாம். பக்கத்து ஊர் அக்காவைப் போல் ஆவது அரிதன்று.

மான்செஸ்டரின் பட்டறிவை இங்கே மறக்கலாகாது. ஒருநாள் போய்த் திரும்பிவிட்டால் விருப்பம் எழும், தேர்வு மாறாது. எனவே மே மாதத்தில், சேர்க்கை நடக்கும் வாரத்தில், நம்முள் இருவர் மூவர் அவ்வூருக்கு மீண்டும் செல்ல வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளியில் எந்தப் பிரிவு உள்ளது, பேருந்து எத்தனை மணிக்கு என்ற சிறு செய்திகளைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். பல வீடுகளில் முடிவை மாற்றுவது பெரிய தத்துவம் அன்று, பேருந்து நேரமே. ஆண் மாணவர்களும் இதில் பங்கு கொள்ளலாம். தங்கள் வீட்டில் தங்கை எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்று பேச்சு எழும்போது, அவளையே கேளுங்கள் என்று ஒரு சொல் சொன்னால், அதுவும் பெரும் தொண்டே.

முடிவுரை

தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 73 விழுக்காட்டைத் தாண்டியது. எழுதப் படிக்கக் கற்பித்தல் என்ற முதற்படியைப் பெரும்பாலும் ஏறிவிட்டோம். அடுத்த படி, எதைப் படிப்பது என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெண்களுக்குத் தருதல். எல்லாப் பெண்களும் அறிவியலே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து அன்று. தமிழ் விரும்புவோர் தமிழும், வணிகவியல் விரும்புவோர் வணிகவியலும் பயிலட்டும். அறிவியலை விரும்பும் பெண், பெண் என்பதற்காகவோ, பேருந்து இல்லை என்பதற்காகவோ, ஆசிரியர் இல்லை என்பதற்காகவோ அதனை இழக்கக்கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

முத்துலட்சுமிக்கு ஒரு மன்னர் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று மன்னர்கள் இல்லை. ஆசிரியரும் பெற்றோரும் மாணவராகிய நாமும் இருக்கிறோம். கதவுகளும் அவ்வளவு கனமானவை அல்ல. வரும் கோடையில், நம் ஊரில், நம் தெருவில், பத்தாம் வகுப்புத் தேறி நிற்கும் பெண்கள் சிலராவது இருப்பர். அவர்களுள் ஒருத்தியிடமாவது சென்று, "உனக்கு எது பிடிக்கும்?" என்று நாம் கேட்போமாக.